ரிப்போர்ட்டில் எஸ், காலில் சீழ்

கல்ச்சர் ரிப்போர்ட் என்கிற காகிதம் பெரும்பாலான வீடுகளுக்கு ஒருமுறையாவது வந்திருக்கும். ஒரு பக்கம் வரிசையாக மருந்துகளின் பெயர், எதிரே எஸ் அல்லது ஆர். எஸ் என்றால் அந்த மருந்துக்குக் கிருமி அடங்கும், ஆர் என்றால் அடங்காது. என் மாமாவின் காலில் வடிந்த சீழைச் சோதித்து வந்த ரிப்போர்ட்டில் ஏறக்குறைய எல்லாமே எஸ். கிருமி ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ். செய்திகளில் வந்து பயமுறுத்துகிற ரகம் இல்லை, சாதாரண மாத்திரைக்கே அடங்கக்கூடியது. அந்த மாத்திரையைத்தான் கொடுத்தார்கள். சாப்பிடுகிற வரைக்கும் புண் காய்ந்து கிடக்கும். நிறுத்திய கொஞ்ச நாளில் கணுக்காலுக்கு மேலே, அதே இடத்தில், கடுகளவு ஓட்டை திறந்து வேட்டியின் விளிம்பு நனையும். மறுபடி மாத்திரை, மறுபடி புண் காய்தல், மறுபடி ஓட்டை. திரும்ப டெஸ்ட் எடுத்துப் பார்த்தால் அதே கிருமி, அதே எஸ். மருந்துக்குப் பழகி எதிர்ப்பு வளர்த்துக்கொண்டது என்றால்கூடப் புரிந்துகொண்டிருக்கலாம். அதுவும் இல்லை.

சாகும் என்று எழுதிக் கொடுத்த கிருமி ஏன் சாகவில்லை? மாமா வீட்டில் எல்லாருக்கும் புண் எப்போது ஆறும் என்பதுதான் கவலை. எனக்கு அதோடு இந்தக் கேள்வியும் சேர்ந்துகொண்டு மண்டையைக் குடைந்தது. அதற்குக் காரணம் என் வேலை. கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு மாம்பழக் கூழ் ஆலையின் லேபில் இருக்கிறேன். சீசனில் லாரி லாரியாகப் பெங்களூரா மாங்காய் வந்து இறங்கும்போது, கூழிலும் தண்ணீரிலும் பைப்பிலும் கிருமி இருக்கிறதா என்று பார்த்து ரிப்போர்ட் எழுதுகிறவன் நான். அடுத்தவர் லேபின் ரிப்போர்ட் என்றாலும், அதில் எழுதியிருப்பது ஒன்றும் நடப்பது இன்னொன்றுமாக இருந்தால் சும்மா விட முடிவதில்லை.

விபத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. காவேரிப்பட்டணம் தாண்டி, நெடுஞ்சாலையின் சர்வீஸ் ரோட்டில், டிவிஎஸ் எக்ஸெல்லில் வந்துகொண்டிருந்தவரை ஒரு டெம்போ உரசிவிட்டுப் போய்விட்டது. முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, முனை தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது. ரோட்டு மண் உள்ளே. இந்தப் பக்கம் இது தினசரி நடக்கிற சங்கதி, தொப்பூர் கணவாய் வரைக்கும் போகவே வேண்டாம். கால் முன்னெலும்பின் உள்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள், தோலுக்கு அடியிலேயே எலும்பு. நடுவில் சதை கிடையாது. சதை இல்லாத இடத்தில் ரத்த ஓட்டமும் குறைவு. அங்கே தோல் கிழிந்து மண் புகுந்தால் சீழ் பிடிக்கும் வாய்ப்பு மூடிய முறிவைவிடப் பல மடங்கு. முதலில் கழுவி, வெளியிலிருந்து கம்பி போட்டு நிறுத்தினார்கள். மேல்காயம் ஆறிய பிறகு உள்ளே பிளேட்டும் ஸ்க்ரூவும் வைத்தார்கள். தோட்டத்துக்குத் தடியூன்றிப் போக ஆரம்பித்த பிறகுதான் அந்த ஓட்டை வந்தது.

உடம்பு இரும்பை ஏத்துக்கல

சொந்தக்காரர்கள் சும்மா இருப்பார்களா? ஆளுக்கொரு காரணம் வந்தது. கருவாடு தின்றார், அதான் சீழ் பிடித்தது. கத்திரிக்காய். அன்றைக்கே புத்தூர் கட்டுக்குக் கூட்டிப்போயிருக்கலாம். (தோல் கிழியாத முறிவு கட்டிலேயே கூடிவிடுவது உண்டு. எலும்பு வெளியே தெரிகிற காலை மூடிக் கட்டினால் என்ன ஆகும் என்று சொன்னவர்கள் யோசிக்கவில்லை.) எல்லாவற்றையும்விட அதிகம் கேட்டது, “அவருக்கு உடம்பு இரும்பை ஏத்துக்கல” என்பதுதான். அத்தை இதை முழுதாக நம்பினார். டைட்டானியம் போட்டிருந்தால் ஏற்றுக்கொண்டிருக்கும், காசு பார்த்து ஸ்டீல் போட்டுவிட்டோம் என்று தனக்குத்தானே குறைப்பட்டுக்கொண்டார்.

ஸ்டீல் பிளேட்டுகள் பெரும்பாலும் 316எல் என்கிற ரகம். எங்கள் ஆலையில் கூழ் ஓடுகிற பைப்பும் அதே ரகம்தான், மாம்பழப் புளிப்புக்கு அரிக்காமல் நிற்பதால் அதை வாங்குகிறார்கள். உலோக ஒவ்வாமை சிலருக்கு இருக்கிறது, ஆனால் அபூர்வம், அது சீழாக வடியாது. சீழில் கிருமி வளர்ந்த பிறகு இரும்பை உடம்பு தள்ளுகிறது என்பதற்கு அர்த்தமே இல்லை. டைட்டானியத்தின் மேலும் கிருமி ஒட்டும், பிளாஸ்டிக்கின் மேலும் ஒட்டும்.

அத்தை சொன்னதில் ஒரு நுனி மட்டும் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கிறது. வெளிப்பொருள் ஒன்று உள்ளே இருந்தால் உடம்பின் காவல் அந்த இடத்தில் தளர்ந்துபோகிறது. 1957இல் எலெக், கோனென் என்ற இருவர் லண்டனில் ஒரு சோதனை செய்தார்கள். இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் அனுமதிக்காது. தன்னார்வலர்களின் தோலுக்குள் ஸ்டெஃபிலோகாக்கஸை ஊசியால் செலுத்தி, எத்தனை போனால் சீழ் கட்டுகிறது என்று பார்த்தார்கள். வெறும் தோலில் லட்சக்கணக்கில் தேவைப்பட்டது. அதே இடத்தில் ஒரு தையல் நூலை விட்டுவைத்தால் சில நூறே போதுமானதாக இருந்தது. ஒரு துண்டு நூலுக்கே இப்படி என்றால் பிளேட்டுக்கும் அரை டஜன் ஸ்க்ரூவுக்கும் கேட்கவே வேண்டாம்.

காரணம் இப்போது ஓரளவு தெளிவாகத் தெரியும். பிளேட்டுக்குள் ரத்தக் குழாய் ஓடுவதில்லை, வெள்ளையணுக்கள் பக்கத்துத் திசுவிலிருந்துதான் வர வேண்டும். வந்தாலும் தன்னைவிடப் பல மடங்கு பெரிய, விழுங்க முடியாத ஒரு பரப்பின் மேல் மோதிச் சக்தியைச் செலவழித்துவிட்டுக் களைத்துப்போகின்றன. பிளேட் உள்ளே போன கொஞ்ச நேரத்திலேயே ரத்தத்திலிருக்கும் ஃபைப்ரினோஜென், ஃபைப்ரோனெக்டின் போன்ற புரதங்கள் அதன் மேல் படிந்துவிடும். ஸ்டெஃபிலோகாக்கஸின் மேல்தோலில் சரியாக இந்தப் புரதங்களைப் பற்றிக்கொள்ளும் கொக்கிகள் இருக்கின்றன. கிரிஸ்டினா என்ற அமெரிக்க மருத்துவர் 1987இல் இதை ஒரு பந்தயம் என்றார்: பிளேட்டின் பரப்பை முதலில் பிடிப்பது நம் செல்களா, கிருமியா? முதலில் யார் போய் உட்கார்ந்தார்களோ அவர்களுக்குத்தான் இடம்.

ரின்ஸ் தண்ணீரும் கேஸ்கெட்டும்

கடைசியில் சேலத்தில் ஓர் எலும்பு மருத்துவரிடம் போனோம். மச்சான் ரிப்போர்ட்டுகளை எல்லாம் ஒரு ஃபைலில் போட்டு எடுத்து வந்திருந்தான். உட்கார்ந்ததுமே, “சார், மாத்திரை பத்தல. எவ்ளோ காசானாலும் பரவால்ல, இருக்கறதுலயே பவரான ஊசி போடுங்க” என்றான். அவர் ஃபைலைத் திறக்காமல் காலை அமுக்கிப் பார்த்தார், எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்து ஸ்க்ரூ ஒவ்வொன்றையும் சுற்றிக் கறுப்பாகக் கோடு விழுந்திருக்கிறதா என்று பார்த்தார். அப்புறம்தான் பேசினார். “பவர் பத்தாம இல்லைங்க. இந்த மாத்திரைக்கே இந்தக் கிருமி சாகும். ரிப்போர்ட்டும் பொய் இல்லை. ஆனா லேப்ல சோதிச்சது சீழ்ல மிதந்துட்டு வந்த கிருமி, அதைப் புதுசா தட்டுல வளர்த்து மருந்து வெச்சுப் பார்க்கறாங்க. உங்கப்பா கால்ல இருக்கறது பிளேட்ல ஒட்டிக் குடித்தனம் பண்ணிட்டிருக்கற கிருமி. அது அந்த லேபுக்குப் போகவே இல்லை.”

மச்சானுக்கு இது மழுப்பலாகப் பட்டது, முகத்தில் தெரிந்தது. எனக்கு அந்த நிமிடமே விளங்கிவிட்டது. எங்கள் ஆலையில் ஒரு சீசனில் இதே கூத்து நடந்தது. பைப்புகளுக்குள் சூடான காஸ்டிக் சோடாக் கரைசல் ஓட்டி, பிறகு ஆசிட், பிறகு தண்ணீர் விட்டு அலசுவோம். கடைசியாக வெளியே வருகிற தண்ணீரை லேபில் சோதித்தால் சுத்தம். ஒவ்வொரு நாளும் சுத்தம். ஆனால் கூழில் கிருமி எண்ணிக்கை ஏறிக்கொண்டே வந்தது. கடைசியில் ஃபிட்டர் ஒரு ஜாயின்ட்டைக் கழற்ற, ரப்பர் கேஸ்கெட் உட்காருகிற பள்ளத்தில் விரல் வைத்தால் வழுக்கியது. அந்த வழுக்கலை ஸ்வாபில் தேய்த்து எடுத்து வளர்த்தபோதுதான் உண்மை வெளியே வந்தது. தண்ணீர் சுத்தமாகத்தான் இருந்தது, அதில் எந்த ஏமாற்றும் இல்லை. தண்ணீரைக் கேட்டால் தண்ணீரைப் பற்றிச் சொல்லும், கேஸ்கெட்டைப் பற்றி எப்படிச் சொல்லும்?

அந்த வழுக்கலுக்குப் பெயர் பயோஃபிலிம், அதாவது கிருமிப் படலம். ஒட்டிய கிருமிகள் பெருகும்போது தங்களைச் சுற்றி ஒரு கூழ்மப் பொருளைச் சுரக்கின்றன. பெரும்பகுதி தண்ணீர், மீதியில் சர்க்கரைச் சங்கிலிகள், புரதங்கள், செத்த கிருமிகளின் டிஎன்ஏ. இந்தக் கூழ் கவசமாக நின்று மருந்தை உள்ளே விடாது என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். அது பாதி உண்மை, பல மருந்துகள் நன்றாகவே உள்ளே போய்விடுகின்றன. பெரிய சிக்கல் வேறு. அடுக்கின் அடியில் இருக்கிற கிருமிக்கு ஆக்ஸிஜனும் உணவும் சரியாக எட்டுவதில்லை. அதனால் பெருகுவதை நிறுத்திவிட்டுச் சும்மா கிடக்கிறது. பென்சிலின் வகை மருந்து எல்லாம் கிருமி தன் சுவரைக் கட்டும்போது அந்த வேலையைக் கெடுத்துக் கொல்கிறவை. கட்டவே கட்டாதவனிடம் எதைக் கெடுக்க? மிதக்கிற கிருமியைக் கொல்வதற்கு வேண்டிய அளவைப்போல நூறு மடங்கு, சில சமயம் ஆயிரம் மடங்கு மருந்து இந்த நிலையில் தேவைப்படும். அவ்வளவை ரத்தத்தில் ஏற்றினால் கிருமிக்கு முன்னால் கிட்னி போய்விடும். மச்சான் கேட்ட ‘பவரான ஊசி’ என்று ஒன்று இல்லாததற்கு இதுதான் காரணம்.

இது புதுசாகத் தெரிந்த விஷயமும் இல்லை. 1944இல், பென்சிலின் அப்போதுதான் புழக்கத்துக்கு வந்த நேரம், ஜோசப் பிகர் என்பவர் ஸ்டெஃபிலோகாக்கஸ் இருந்த குழாயில் பென்சிலினைக் கொட்டிப் பார்த்தார். கோடிக்கணக்கில் செத்தன, கொஞ்சம் மட்டும் பிழைத்தன. பிழைத்தவற்றை எடுத்துத் திரும்ப வளர்த்து அதே பென்சிலினை விட்டால், அந்தச் சந்ததி மறுபடி சாகிறது, மறுபடி கொஞ்சம் மட்டும் மிஞ்சுகிறது. எதிர்ப்புச் சக்தி எதுவும் வரவில்லை, அந்த நேரத்தில் அவை அசையாமல் கிடந்தன, அவ்வளவுதான். மாமாவின் ரிப்போர்ட்டில் ஒவ்வொரு முறையும் எஸ் வந்ததற்கு எண்பது வருஷத்துக்கு முந்தைய அந்தக் குழாயிலேயே விடை இருந்திருக்கிறது. அதற்கும் முன்னால், 1680களில், லேவன்ஹுக் தன் பல்லில் படிந்த அழுக்கை வினிகரால் கொப்பளித்துவிட்டு லென்ஸில் பார்த்தார். மேலே இருந்த உயிரிகள் மட்டும் செத்தன, உள்ளே இருந்தவை பிழைத்துக்கொண்டன என்று எழுதி வைத்தார். உடம்புக்குள் வைத்த கருவியில் இதைக் கண்ணால் காட்டியது 1982இல். பேஸ்மேக்கர் வைத்த ஒரு நோயாளிக்கு வாரக்கணக்கில் பெரிய அளவில் ஆன்டிபயாடிக் கொடுத்தும் ரத்தத்தில் ஸ்டெஃபிலோகாக்கஸ் திரும்பத் திரும்ப வந்தது. கடைசியில் கம்பியை வெளியே எடுத்து, பில் காஸ்டர்டன் குழுவினர் எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தார்கள். கம்பியின் மேல் கூழ் போர்த்திக்கொண்டு கிருமிகள் கும்பல் கும்பலாக இருந்தன.

பிளேட் இருக்கட்டும்

சரி, பிளேட்டில்தான் கிருமி என்றால் பிளேட்டைக் கழற்ற வேண்டியதுதானே? நாங்கள் அதைக் கேட்கத் தயாரானபோது மருத்துவர், “பிளேட் இப்போதைக்கு இருக்கட்டும்” என்றார். மச்சானுக்கு வந்ததே கோபம். “கிருமி உக்காந்திருக்கறதே அதுலதான்னு நீங்கதான சார் சொன்னீங்க?” அவர் எக்ஸ்ரேயைக் காட்டினார். எலும்பு பாதி கூடியிருந்தது, ஸ்க்ரூக்கள் இறுக்கமாகப் பிடித்திருந்தன. அசையாமல் பிடித்து வைத்தால் சீழ் இருந்தாலும் எலும்பு கூடும். சீழே இல்லாவிட்டாலும் அசைந்துகொண்டிருந்தால் கூடாது. அசைகிற எலும்பும் சீழும் சேர்ந்தால் அதைவிட மோசமான நிலைமை எதுவும் இல்லை. இப்போது கழற்றினால் காலைச் சுற்றி வெளியே ரிங் போட்டு மாதக்கணக்கில் கிடக்க வேண்டியிருக்கும். ஆகவே எலும்பு கூடுகிற வரை மாத்திரையால் கிருமியை அடக்கி வைப்போம், ஒழிக்க அல்ல, அடக்க மட்டும். கூடிய பிறகு பிளேட்டை எடுத்துவிட்டு அப்புறம் ஒழிப்போம்.

மாமா அதுவரை வாயே திறக்கவில்லை. வெளியே வந்ததும் என் தோளைப் பிடித்துக்கொண்டு, “மாப்ள, எல்லாரும் ஆறிடும் ஆறிடும்னாங்க. இந்த ஆளு மட்டும்தான் இப்ப ஆறாதுன்னாரு. இவருகிட்டயே காட்டலாம்” என்றார். நான் யோசித்துப் பார்த்ததில் அந்தப் பகலில் எடுத்த முடிவுகளிலேயே அதுதான் சரியானது.

இதையே முதல் இரண்டு மூன்று வாரத்துக்குள் கண்டுபிடித்திருந்தால் கதை வேறு. படலம் முற்றுவதற்கு முன்னால் காயத்தைத் திறந்து நன்றாகக் கழுவி, சரியான மருந்து கொடுத்தால் பிளேட்டைக் காப்பாற்ற வழி உண்டு. அந்த மருந்துகளில் ஒன்று நமக்கெல்லாம் தெரிந்த ரிஃபாம்பிசின், டிபிக்குக் கொடுக்கிற, சிறுநீரை ஆரஞ்சு நிறமாக்குகிற அதே மாத்திரை. படலத்துக்குள் மெதுவாக இருக்கும் ஸ்டெஃபிலோகாக்கஸையும் அது தாக்குகிறது. 1998இல் சுவிட்சர்லாந்தின் சிம்மர்லி குழு வெளியிட்ட ஆய்வில், எலும்புக் கருவியை எடுக்காமலே, ரிஃபாம்பிசினோடு சிப்ரோஃப்ளாக்ஸசின் சேர்த்து முழுதாகச் சாப்பிட்ட 12 பேரும் குணமானார்கள். சிப்ரோஃப்ளாக்ஸசின் மட்டும் சாப்பிட்டவர்களில் 12க்கு 7 பேர். சின்ன ஆய்வுதான், அதிலிருந்தவர்கள் எல்லாரும் சீக்கிரமே வந்தவர்கள், கருவி ஆடாமல் இருந்தவர்கள். தனியாக ரிஃபாம்பிசினைக் கொடுத்தால் சில நாளிலேயே கிருமி எதிர்ப்பு வளர்த்துக்கொள்ளும், ஆகவே துணை மருந்து இல்லாமல் அதைத் தொடக் கூடாது.

என் கோபம் எல்லாம் அந்த ஆரம்ப மாதங்களின் மேல்தான். கிருமி ரோட்டு மண்ணிலிருந்து வந்ததா, ஆபரேஷன் தியேட்டரிலிருந்தா, மாமாவின் தோலிலிருந்தேவா என்று யாராலும் சொல்ல முடியாது. சில நூறு போதும் என்கிறபோது யாரைப் பிடித்துக் கேட்பது? முதல் ஆஸ்பத்திரியின் மேல் வழக்குப் போட வேண்டும் என்று மச்சான் குதித்தபோதும் நான் இதைத்தான் சொன்னேன். ஆனால் ஓட்டை முதன்முதலில் திறந்தபோது, பிளேட் இருக்கிற காலில் சீழ் வடிந்தால் அது மேல்புண் இல்லை என்று சொல்ல ஓர் ஆள் இல்லாமல் போனதே. மெடிக்கல் கடையில் போய்க் காட்டினால் ஐந்து நாளைக்கு மாத்திரை. கிளினிக்கில் காட்டினால் இன்னும் ஐந்து நாளைக்கு. ஒவ்வொரு முறையும் மேலே மிதப்பவை சாகும், காயும், எல்லாரும் திருப்தியாவோம். அடியில் இருப்பது அப்படியே இருக்கும்.

எலும்பு கூடியது. பிளேட்டை எடுப்பதற்கு முன்னால் இரண்டு வாரம் எந்த ஆன்டிபயாடிக்கும் வேண்டாம் என்று நிறுத்தச் சொன்னார் மருத்துவர். மருந்து உள்ளே இருந்தால் கல்ச்சரில் கிருமி வளராமல் ஏமாற்றிவிடும். அந்த நாட்களில் ஓட்டை நன்றாகவே வடிந்தது, அத்தை சாமிக்கு வேண்டிக்கொண்டார். ஆபரேஷனில் பல இடத்திலிருந்து தனித்தனியாகத் திசுத் துண்டுகள் எடுத்து அனுப்பினார்கள். செத்த எலும்பைச் சுரண்டி எடுத்தார்கள். அதற்கு அப்புறம் வாரக்கணக்கில் மருந்து. இந்த முறை நிறுத்திய பிறகும் ஓட்டை திறக்கவில்லை.

எடுத்த பிளேட்டைக் கழுவி ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டுக் கொடுத்தார்கள். பளபளவென்று இருந்தது. மச்சான் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “இதுலயா இருந்துச்சு? ஒண்ணுமே இல்லயே” என்றான். அவன் அப்படிக் கேட்டதில் தப்பில்லை. பயோஃபிலிம் அநேகமாகக் கண்ணுக்குத் தெரியாத தடிமன்தான். 2007இல் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில், எடுத்த செயற்கை மூட்டுகளைத் திரவத்தில் போட்டு அல்ட்ராசவுண்டால் அதிரவைத்து, உதிர்ந்த படலத்தை வளர்த்துப் பார்த்தார்கள். பக்கத்துத் திசுவை வளர்த்தால் தொற்று இருந்தவர்களில் 100க்கு 61 பேரிடம்தான் கிருமி சிக்கியது, உலோகத்தை உலுக்கிப் பார்த்தால் 79 பேரிடம். இந்த இடத்தில் எங்கள் ஃபிட்டரை நினைத்துக்கொண்டேன்.

இதெல்லாம் பிளேட்டோடு நிற்பதில்லை. சிறுநீர் டியூப், டயாலிசிஸ் டியூப், இதய வால்வு, எல்லாவற்றிலும் இதே கதைதான். எங்கள் தெருவில் பக்கவாதம் வந்து படுத்திருக்கும் ஒருவருக்கு நிரந்தரமாகச் சிறுநீர் டியூப் இருக்கிறது. யூரின் டெஸ்டில் கிருமி என்று வரும்போதெல்லாம் அவர் வீட்டில் மாத்திரை வாங்கிக் கொடுப்பார்கள். ஒரு மாதம் டியூப் இருந்தால் ஏறக்குறைய எல்லாருடைய சிறுநீரிலும் கிருமி இருக்கும். காய்ச்சலோ வேறு தொந்தரவோ இல்லாவிட்டால் அதற்கு மருந்து தேவையில்லை. தொந்தரவு இருந்தால் பழைய டியூபை மாற்றிவிட்டு, புது டியூபிலிருந்து சாம்பிள் எடுக்க வேண்டும். பழைய டியூபில் எடுப்பது டியூபில் குடியிருப்பதைச் சோதிப்பது. இதை அவர் மகனிடம் சொன்னேன், டாக்டரிடம் கேட்பதாகச் சொல்லியிருக்கிறான்.

இப்போது பக்கத்து வீட்டுப் பெரியம்மாவுக்கு முழங்கால் மூட்டு மாற்றப் போகிறார்கள், பெங்களூரில். அவர் பையன் ஓசூர் சிப்காட்டில் வேலை செய்கிறவன், என்னிடம் வந்து எந்தக் கம்பெனி மூட்டு நல்லது, இம்போர்ட்டடா லோக்கலா என்று கேட்டான். கம்பெனியை டாக்டர் பார்த்துக்கொள்வார், நீ அம்மாவின் மூன்று மாதச் சுகர் ரிப்போர்ட் எடு, சொத்தைப் பல் இருந்தால் காட்டு, மூக்கில் ஸ்வாப் எடுப்பார்களா என்று கேட்டு வா என்றேன். பெரியம்மா திண்ணையிலிருந்தே குரல் கொடுத்தார். “மூட்டுக்கும் மூக்குக்கும் என்னடா சம்பந்தம்?”

இருக்கிறது பெரியம்மா, பத்துப் பேரில் மூன்று பேர் மூக்கில் இந்த ஸ்டெஃபிலோகாக்கஸ் எந்தத் தொந்தரவும் செய்யாமல் இருக்கிறது, கத்தி வைத்துத் திறக்கும்போது நம்முடைய கிருமியே நமக்குள் போய்விடும் என்றேன். நெதர்லாந்தில் 2010இல் வெளியான ஆய்வில், மூக்கில் இது இருந்தவர்களுக்கு மூக்குக்குள் முபிரோசின் களிம்பும் குளிக்கக் குளோர்ஹெக்சிடின் சோப்பும் கொடுத்தபோது ஆஸ்பத்திரியில் வருகிற ஸ்டெஃபிலோகாக்கஸ் தொற்று 7.7 சதவீதத்திலிருந்து 3.4 சதவீதமாகக் குறைந்தது. சதவீதம் எல்லாம் அவர் காதில் ஏறவில்லை. ஆனால் கொஞ்சம் யோசித்துவிட்டுக் காலை நீட்டி, குதிகாலில் ஆழமாகப் பிளந்து சிவந்திருந்த வெடிப்பைக் காட்டினார். “அப்ப இது?”

மூக்கை விடுங்கள், முதலில் இதை டாக்டரிடம் காட்டுங்கள் என்றேன். பையனுக்கு முகம் சுருங்கிவிட்டது, லீவு சொல்லி, ரூமுக்கு அட்வான்ஸ் கட்டியாகிவிட்டதாம். பெரியம்மா அவனை ஃபோனை எடுக்கச் சொல்லி, ஆபரேஷனை அடுத்த மாதத்துக்குத் தள்ளிவைக்க முடியுமா என்று ஆஸ்பத்திரியில் கேட்கச் சொன்னார்.